வீட்டில் எல்லோரும் சுகம்

“அக்கா, இந்த அஞ்சு புள்ளி ஆறுக்கு ஒரு காரணம் வேணும்” என்றான் யஸ்வந்த்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அவனுடைய அலுவலகம். எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கட்டுரை எழுதவும் நேர்முகத்துக்குத் தயாராகவும் அவன் உதவினான். புத்தூர்ப் பக்கத்துப் பையன். காஞ்சனாவைவிட இளையவன் என்பதால் முதல் நாளே அக்கா என்று ஆரம்பித்துவிட்டான்.

காஞ்சனாவுக்கு இருபத்தேழு வயது. சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பழம் கொள்முதல் செய்யும் பிரிவில் வேலை பார்த்தாள். நுழைவுத் தேர்வை நன்றாகவே எழுதியிருந்தாள். விண்ணப்பிக்க மூன்று கல்லூரிகளை யஸ்வந்த்தே பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தான். பி.டெக். சான்றிதழைத் தவிர மற்ற எல்லாம் சரியாக இருந்தது. பத்துக்கு ஐந்து புள்ளி ஆறு. அதிலும் பாதிப் பாடங்கள் இரண்டாவது தடவை எழுதித் தேறியவை.

“காரணம்னா இன்னா காரணம்?”

“மார்க் கம்மியா இருக்கறவங்க தனியா ஒரு கட்டுரை எழுதலாம் அக்கா. ஏன் கம்மின்னு. வீட்ல யாருக்கானா உடம்பு சரியில்லாம இருந்துச்சு, அப்பாவுக்கு ஆக்சிடென்ட், அம்மாவுக்கு ஆபரேஷன், அந்த மாதிரி. படிக்கறவங்க மனசு கொஞ்சம் இளகும்.”

“எங்க வீட்ல அப்டி எதுவும் நடக்கலயே.”

“யோசிங்க அக்கா. நாலு வருஷத்துல ஒண்ணு கூடவா நடக்காம போச்சு?”

நடக்காமல் போனதற்கு வருத்தப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். காஞ்சனா யோசித்துப் பார்த்தாள். அந்த நான்கு வருஷத்தில் வீட்டில் ஒரு மாடு செத்துப்போனது. அவ்வளவுதான்.

சாயங்காலம் சித்தூருக்குத் திரும்பிய பிறகு, களியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய அம்மா வசந்தா சிரிக்கவில்லை. கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிடு.”

“உனக்கு இன்னாமா? நீ காய்ச்சல்னு படுத்து நான் பாத்ததே இல்ல.”

“அது உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?”

காஞ்சனாவின் அப்பா சம்பத், ஆர்.டி.சி.யில் சித்தூர் – திருப்பதி பஸ் ஓட்டுகிறவர், அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்.

“அவளுக்கு வேணாம் பாப்பா. வீட்டுப் பொம்பளைக்கு வியாதின்னு எழுதறது நல்லா இல்ல. எனக்குப் போடு. நெஞ்சு வலின்னு போடு.”

“நைனா, டிரைவருக்கு நெஞ்சு வலின்னு எங்கனா எழுதி வெச்சா, நாளைக்கே டிப்போவுல உன் கையிலருந்து ஸ்டியரிங்கப் புடுங்கிடுவாங்க.”

சம்பத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். இது அவருக்குத் தோன்றவில்லை. “அதுவும் சரிதான்” என்று ஒப்புக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டார்.

“நான்தான் வீட்ல கீறேன். எனக்கு வந்தா யாரும் கேக்கப் போறதில்ல” என்றாள் வசந்தா. “சுகர்னு எழுது. மரியாதையா இருக்கும்.”

“சுகருக்கெல்லாம் பொண்ணு ஃபெயிலாவ மாட்டாமா.”

“அப்போ கிட்னி.”

சம்பத்துக்குப் புரை ஏறிவிட்டது. காஞ்சனா அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

வசந்தா முடிக்கவில்லை. அடுத்த வாரம் காஞ்சனா வேலையிலிருந்து வந்தபோது, கட்டிலின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை கிடந்தது. உள்ளே ஸ்கேன் படங்களும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் இருந்தன. எதிர்வீட்டு சுந்தரிக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் வேலூரில் ஆபரேஷன் நடந்திருந்தது. அந்தக் காகிதங்கள்.

“அவகிட்ட கேட்டு வாங்கியாந்தேன். தேதியெல்லாம் சரியா உன் ரெண்டாவது வருஷம். பேர மட்டும் மாத்தினா போதும்” என்றாள் வசந்தா. ஒரு வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்டவளின் குரல்.

காஞ்சனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? இல்லாத வியாதிய வாயால சொல்றதே தப்பு. இதுல அடுத்தவங்க ஸ்கேன வாங்கிக்கினு வந்து வெச்சிக்கினு. நான் படிக்கல, மார்க் வரல. அதுக்கு நீ எதுக்குமா சாவணும்?”

வசந்தா காகிதங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்தாள். ஸ்கேன் படம் உள்ளே போகாமல் மடங்கியது. அதைத் திரும்ப எடுத்து நீவினாள். நீவிக்கொண்டே சொன்னாள்.

“நீ பி.காம். போறேன்னு அழுத. ஞாபகம் இருக்குதா? கார்வேட்டிநகரத்துல உன் மாமா கல்யாணம். பந்தியில உக்காந்துக்கினு அழுத. நானும் உன் நைனாவும்தான், இன்ஜினியரிங் சீட்டு வந்திருக்கு, இத விட்டா முட்டாளுன்னு, உன்ன இஸ்துக்கினு போய் சேத்தோம். உன் மார்க்கப் பாக்கறப்பல்லாம் அது எங்க மார்க்குன்னுதான் எனக்குத் தோணும்.”

பந்தியில் அழுதது காஞ்சனாவுக்கு மறந்தே போயிருந்தது. ஒன்பது, பத்து வருஷமாக அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள். ஒவ்வொரு ரிசல்ட் வந்தபோதும் “பர்வாலேது, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்று அம்மா சொன்னதெல்லாம் இப்போது வேறு மாதிரி கேட்டது.

அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அப்டி இல்லமா. நான் சொல்றேன் கேளு. ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சிட்டு அங்க போனேன். லெக்சரர் பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். முதல் மாசம் ஒண்ணும் புரியல. என்கூட அதே ஸ்கூல்லருந்து தரணியும் வந்தா இல்ல? அவளுக்கும் புரியல. ஆனா அவ எழுந்து நின்னு கேப்பா. பின்பெஞ்சுல சிரிப்பாங்க. அவ கண்டுக்க மாட்டா. கிளாஸ் முடிஞ்சும் சார் பின்னாடியே போய்க் கேப்பா. அவளுக்கு எட்டரை வந்துச்சு. நான் கேக்கல. சிரிப்பாங்கன்னு பயம். அப்பால பாடம் எங்கியோ போயிடுச்சு, நான் எங்கியோ நின்னுட்டேன். அவ்ளோதான். நீ என்னை பி.காம்.ல சேத்திருந்தா அங்கயும் கேட்டிருக்க மாட்டேன்.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

வசந்தா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. “சரி, போய் சுந்தரிகிட்ட இத குடுத்துட்டு வா. நான் போனா, எதுக்கு வாங்கினன்னு மறுபடியும் கேப்பா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காஞ்சனா கட்டுரையை எழுதினாள். ஆங்கிலத்தில் அதன் முதல் வாக்கியம் இப்படித் தொடங்கியது: ‘நான் பி.டெக். படித்த நான்கு வருஷமும் எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல சுகத்தோடு இருந்தார்கள்.’ அதன் பிறகு, புரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்ததையும், தரணியைப் பற்றியும், வேலைக்கு வந்த பிறகு என்ன மாறியது என்பதையும் எழுதினாள். ஃபேக்டரிக்கு வந்த முதல் சீசனில், மாம்பழ டிராக்டர்கள் ராத்திரி பகலாக ரோட்டில் காத்துக் கிடந்தன. ஏன் இப்படி என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல், எல்லோரையும் கேட்டாள். டிராக்டர்காரர்களை, எடை போடுகிறவர்களை, கூழ் எடுக்கும் பிரிவில் இருந்தவர்களை. சிலர் சிரித்தார்கள். ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த சீசனில், விவசாயிகள் வீட்டிலிருந்தே போன் செய்து தங்கள் முறையைப் பதிவு செய்துகொண்டு வரும் ஏற்பாட்டை அவளும் இன்னும் இரண்டு பேரும் கொண்டுவந்தார்கள். வரிசை இல்லாமல் போய்விடவில்லை. பாதியாகக் குறைந்தது.

யஸ்வந்த் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, நான் இதுவரைக்கும் பாத்த கட்டுரை எல்லாத்துலயும் யாரோ ஒருத்தர் ஐ.சி.யு.வுல இருப்பாங்க. இப்டி ஒருத்தரும் எழுதல. ரிஸ்க்.”

“நெஜம் இதுதான.”

“அது சரி” என்றவன் மறுபடியும் முதல் வாக்கியத்தைப் படித்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வெச்சிக்கலாம் அக்கா. ரெண்டு கமா மட்டும் மாத்தறேன்.”

அடுத்து ஒரு முட்டுக்கட்டை வந்தது. மேலதிகாரி ஒருவர் பரிந்துரை எழுத வேண்டும். ஃபேக்டரி மேனேஜர் வரதராஜனுக்குக் கல்லூரிகளிலிருந்து மெயில் போயிருந்தது. கடைசித் தேதி நெருங்கியும் அவர் எழுதவில்லை. முதலில் நெட் வரவில்லை என்றார். பிறகு பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார். அதற்கும் பிறகு கண்ணாடி உடைந்துவிட்டது என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

காஞ்சனா அவர் அறைக்குப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

“சார், எழுத இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. வேற யாரனா கேக்கறேன்.”

வரதராஜன் பேனாவை மூடித் திறந்தார். நகரிப் பக்கத்துக்காரர். அதட்டிப் பேசியே பழகியவர். இப்போது குரல் இறங்கியிருந்தது.

“உனக்கு சீட்டு கிடைச்சா ஜூன்ல போயிடுவ. ஜூன்லதான் தோத்தாபுரி மாம்பழம் வந்து இறங்கும். டிராக்டர் லைன் காணிப்பாக்கம் வரைக்கும் நிக்கும். நான் ஒருத்தனா இன்னா பண்றது?”

“அதுக்காக?”

“அதுக்காகத்தான் எழுதல. நல்லா எழுதினா நீ போயிடுவ. மோசமா எழுதச் சொன்னா எனக்கு வராது. அதான் சும்மா இருந்தேன்.”

“ரெண்டு பசங்களுக்கு நான் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன் சார். மே பூரா இருப்பேன்” என்றாள் காஞ்சனா.

“போ, போ. சாயந்தரத்துக்குள்ள எழுதறேன்” என்றார் அவர். எழுதினார். என்ன எழுதினார் என்று அவளிடம் சொல்லவில்லை.

முதல் கல்லூரி ஒரே வாரத்தில் மறுத்துவிட்டது. பட்டப்படிப்பில் ஆறுக்குக் கீழே இருந்தால் அவர்கள் மற்ற எதையும் பார்ப்பதில்லையாம். இரண்டாவது கல்லூரி நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. அன்றைக்குக் காஞ்சனா சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். சம்பத் அறை வாசலில் வந்து நின்றார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. “பஸ் போயிடுச்சுன்னா பின்னாடியே ஓடினா வராது பாப்பா. அடுத்தது வரும். துன்னுட்டுப் படு” என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.

மூன்றாவது, ஹைதராபாத் கல்லூரி. மாசி மாதத்தில் அங்கிருந்து அழைப்பு வந்தது. ராயலசீமை மாவட்டங்களில் இருக்கிறவர்களுக்குத் திருப்பதியிலேயே ஒரு ஹோட்டலில் நேர்முகம் வைத்திருந்தார்கள்.

சம்பத் டிப்போவில் கெஞ்சி அன்றைக்கு டூட்டியை மாற்றிக்கொண்டார். தன் பஸ்ஸில்தான் மகள் போக வேண்டும் என்பது அவர் ஆசை. காலையில் காஞ்சனா தயாராகி வெளியே வந்தபோது, வசந்தாவும் கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுப்புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீ எங்கமா?”

“நானும் வரேன். எல்லாரும் சுகமா கீறாங்கன்னு எழுதிக் குடுத்திருக்க இல்ல? யாரனா கேட்டா? ஆளு நேர்ல இருக்கணும்.”

“யாரும் கேக்க மாட்டாங்கமா.”

“கேக்கலன்னா சும்மா உக்காந்துக்கினு வரேன்.”

பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு அந்த பஸ்ஸில் எப்போதும் கூட்டம்தான். பூதலப்பட்டில் ஏறிய பெண்கள் வசந்தாவின் பட்டுப்புடவையைப் பார்த்து, எந்த ஊரில் கல்யாணம் என்று தெலுங்கில் விசாரித்தார்கள். வசந்தா விஷயத்தைச் சொன்னாள். சந்திரகிரி வருவதற்குள் பஸ்ஸின் முன்பாதிக்கு முழுக்க, டிரைவரின் மகள் பெரிய படிப்புக்கு இன்டர்வியூ போகிறாள் என்று தெரிந்துபோயிற்று. ஒரு கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, காஞ்சனாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். சம்பத் கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார் என்று கண்டக்டர் பிறகு புகார் சொன்னார்.

ஹோட்டலின் வரவேற்பு அறையில் வசந்தாவை உட்காரவைத்துவிட்டுக் காஞ்சனா உள்ளே போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த பேராசிரியை. இன்னொருவர் அந்தக் கல்லூரியில் படித்து ஏதோ கம்பெனியில் பெரிய வேலையில் இருந்த ஆள்.

அவர்தான் முதலில் ஆரம்பித்தார். அவளுடைய பி.டெக். பாடத்திலிருந்து, டிரான்சிஸ்டரைப் பற்றி ஒரு கேள்வி. காஞ்சனா பாதி சொன்னாள். மீதி நினைவில்லை என்றாள். இன்னொரு கேள்வி. அதற்கு முழுக்கத் தெரியவில்லை. அவர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அவளுக்கு இதோடு முடிந்தது என்று தோன்றியது.

பேராசிரியை கட்டுரையின் முதல் வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தார். “எதற்காக இப்படி ஆரம்பித்தீர்கள்?”

“எல்லோரும் இதற்கு நேர்மாறாக எழுதச் சொன்னார்கள் மேடம்.”

அந்த ஆள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பேராசிரியை சிரிக்கவில்லை.

“எங்களிடம் முதல் பருவத்திலேயே புள்ளியியல் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே தெரியும். முதல் வாரத்தில் உங்களுக்குப் புரியாது. அப்போது என்ன செய்வீர்கள்?”

“கை தூக்கிக் கேட்பேன்.”

“இப்போது சொல்வது சுலபம்” என்றார் அந்த ஆள்.

“சுலபம்தான் சார். கல்லூரியில் நான்கு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கையில் இருக்கும் சான்றிதழே அதுதான். வேலையில் கேட்டேன். சிரித்தார்கள். அதனால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொண்டேன். ஒன்றும் ஆகாது.”

பேராசிரியை வேறொரு தாளைப் புரட்டினார். “உங்கள் மேனேஜரும் இதைத்தான் எழுதியிருக்கிறார். இந்தப் பெண் கேள்வி கேட்டே என் உயிரை எடுக்கிறாள், தயவுசெய்து நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று.”

காஞ்சனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி போனது. பழம் வாங்குவது பற்றி, விலை இறங்கினால் விவசாயி என்ன செய்வான் என்பது பற்றி. தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு, பேராசிரியை தேநீர் குடிக்க வரவேற்பு அறைப் பக்கம் வந்தார். காஞ்சனா கைகழுவும் இடத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பார்த்தபோது, அவளுடைய அம்மா அந்தப் பேராசிரியையின் எதிரில் நின்று தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள்.

“நான் காஞ்சனாவோட அம்மா மேடம். எனக்கு சுகர் இல்ல, பி.பி. இல்ல. நீங்களே பாத்துக்குங்க.”

பேராசிரியை ஒரு கணம் விழித்தார். பிறகு புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். “ரொம்ப சந்தோஷம் அம்மா” என்றார்.

வசந்தா நகரவில்லை. “இன்னொண்ணு மேடம். அவ பி.காம். படிக்கணும்னுதான் கேட்டா. இன்ஜினியரிங்ல கொண்டுபோய் சேத்தது நாங்க. அவ அதை எழுதியிருக்க மாட்டா.”

பேராசிரியையின் சிரிப்பு மெல்ல நின்றது. “இல்லை. எழுதவில்லை” என்றார். தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “என் பையனை நான் டாக்டருக்குப் படிக்கவைத்தேன் அம்மா. இப்போது அவன் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறான்.”

“கல்யாண போட்டோவா?” என்று அக்கறையாகக் கேட்டாள் வசந்தா.

“பறவைகளை” என்றார் பேராசிரியை.

காஞ்சனா ஓடிவந்து அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். வாசலுக்கு வந்ததும், “எல்லாத்தையும் கெடுத்துட்டியா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை. “இன்னா கெடுத்துட்டேன்? நல்ல பொம்பளை. பாவம், அவங்களுக்கும் மனசுல கஷ்டம் கீது” என்றாள் வசந்தா.

சித்திரையில் பதில் வந்தது. இடம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெயிட்டிங் லிஸ்ட். ஆன்லைனில் புள்ளியியல் அடிப்படை வகுப்பு ஒன்று நடக்கும், அதில் வாங்கும் மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று கடைசி வரியில் இருந்தது. வகுப்பு மே மாதம். மாம்பழம் வரத் தொடங்கும் சமயம்.

வரதராஜன் அதைக் கேட்டுவிட்டு முனகினார். ஆனால் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் ஏ.சி. அறையை அவளுக்கு விட்டுவிட்டு, எடைமேடைக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சம்பத்துக்கு வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஒன்றும் புரியாது. ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும், “இன்னிக்குக் கேட்டியா?” என்று கேட்பார். “கேட்டேன் நைனா” என்பாள். “இன்னா சொன்னாங்க?” என்பார். அவள் சொல்வாள். சராசரி என்றால் என்ன, அது எப்போது ஏமாற்றும் என்று பஸ் கூட்டத்தை உதாரணமாக வைத்து ஒருநாள் விளக்கினாள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அப்போ டிப்போவுல எங்களுக்கு இவ்ளோ நாளா தப்புக் கணக்குதான் சொல்லிக்கினு வராங்க” என்றார்.

அந்த வகுப்பில் அவள் முதலாவதாக வரவில்லை. நடுவில் எங்கோ வந்தாள். ஆனால் அத்தனை பேரிலும் அதிகமாகச் சந்தேகம் கேட்டவள் அவள்தான் என்று பாடம் நடத்தியவர் குறிப்பு எழுதியிருந்தார். ஜூன் முதல் வாரத்தில், ஃபேக்டரி முற்றத்தில் டிராக்டர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது மெயில் வந்தது. போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். பிறகு எடைமேடைக்குப் போய் வரதராஜனிடம் காட்டினாள். அவர் படித்தார். குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, “ஏய், அந்த வண்டியப் பின்னாடி எடுய்யா!” என்று சம்பந்தமே இல்லாமல் ஒரு டிராக்டர்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.

“லீவு விட்டா சீசனுக்கு வா. சம்பளம் தரேன்” என்றார்.

கிளம்பும் நாள் மாலை, திருப்பதி ஸ்டேஷனில் ஹைதராபாத் ரயில் நின்றுகொண்டிருந்தது. வசந்தா பிளாட்பாரத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று, பொடி எந்தப் பையில், ஊறுகாய் எந்தப் பையில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பத் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவைக்க உள்ளே ஏறியிருந்தார். தள்ளிவைத்தார். சரியில்லை என்று வெளியே இழுத்தார். மறுபடியும் தள்ளிவைத்தார். சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். வண்டி மெல்ல அசைந்தது.

“நைனா, எறங்கு! வண்டி கிளம்பிடுச்சு!”

“ரேணிகுண்டாவுல நிக்கும். அங்க எறங்கிக்கறேன்” என்று சொல்லி அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே வசந்தா வாயைத் திறந்தபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்து, பின்தங்கிப்போனாள்.

ரேணிகுண்டா வந்தது. சம்பத் எழுந்திருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தே உட்கார்ந்து பழகிய மனுஷர், வேறு யாரோ ஓட்டும் வண்டியில் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கோத்து வைத்திருந்தார். ஏர்பேட்டைத் தாண்டியபோது வயல்களில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. “ஹாஸ்டல்ல சாப்பாடு நல்லா இல்லன்னா சொல்லு” என்றார் ஒரு தடவை. “சொல்றேன்” என்றாள்.

“டிக்கெட் இல்லாம இவ்ளோ தூரம் வந்துட்டியே நைனா. யாரனா கேட்டா?”

சம்பத் சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். திருப்பதியிலிருந்து காளஹஸ்தி. ஸ்டேஷனுக்கு வந்ததும் டீ குடிக்கப் போகிறேன் என்று போனாரே, அப்போது வாங்கியது.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வசந்தா. காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் காஞ்சனாவுக்கு நன்றாகவே கேட்டது.

“இன்னாங்க, எங்க கீறீங்க? ரேணிகுண்டாவுல எறங்கினீங்களா இல்லையா?”

“இல்ல வசந்தா. காளஹஸ்தி போய்க்கினு இருக்கேன். டிக்கெட் வாங்கிட்டேன்.”

மறுமுனையில் பிளாட்பாரத்தின் ஒலிபெருக்கி கேட்டது.

“வாங்கறவரு” என்றாள் வசந்தா, “எனக்கும் ஒண்ணு சேத்து வாங்கியிருக்கக் கூடாது?”